பூவரச மரத்தடியில் நின்ற வாடை

நெய்க்காரன்வலசு பஸ் ஸ்டாப்பில் தெய்வநாயகி இறங்கியபோது, கைத்தாங்கல் இல்லத்தின் வாடை இல்லத்துக்குள் இல்லாமல் ரோட்டுக்கு இந்தப் பக்கம், பூவரச மரத்தடியில் வந்து நின்றுகொண்டிருந்தது. அது அந்த வாடைதான் என்பதில் அவளுக்குச் சந்தேகமே வரவில்லை. மூத்திரமும் பினாயிலும் நேற்றைய ரசமும், நனைந்து காயாத மெத்தையும், வயதான தோலும், தலைக்கு வைத்த தேங்காயெண்ணெயும் கலந்த அதை வருஷம் தவறாமல் அவள் இல்லத்தின் வாசற்படியில்தான் சந்தித்து வந்திருக்கிறாள், செருப்பைக் கழற்றும் இடத்தில், மற்றவர்கள் கைக்குட்டையைத் தேடும் இடத்தில். இன்றைக்கு அது மரத்தின் தூரோடு தூராக ஒதுங்கி, யாருக்கும் இடைஞ்சல் இல்லாமல் நின்றது. பஸ்ஸுக்கு நின்ற பெண்கள் முந்தானையை மூக்குக்குக் கொடுத்துவிட்டு, நாலடி தள்ளி நின்று தங்கள் பேச்சைப் பேசிக்கொண்டிருந்தார்கள்.

தெய்வநாயகி முன்பு நர்ஸாக இருந்தவள். கேட்பாரில்லாமல் படுக்கையில் விழுந்தவர்களுக்கென்று சென்னை அறக்கட்டளை ஒன்று ஊர் ஊராக இல்லங்கள் நடத்தியது. அந்த இல்லங்கள் ஒழுங்காக நடக்கின்றனவா என்று போய்ப் பார்த்து மதிப்பெண் போடுவது அவள் வேலை. தரத் தணிக்கை என்று அதற்குப் பேர். வேலைக்குச் சேர்ந்த புதிதில் அவளுக்குக் கேள்வித்தாள் எதுவும் கிடையாது, மூக்குதான் இருந்தது. கூடத்தின் வாசலில் கண்ணை மூடிக்கொண்டு ஒரு மூச்சு இழுப்பாள். ஜன்னலோரக் கட்டிலில் இருப்பவரைக் காலையிலிருந்து திருப்பிப் படுக்க வைக்கவில்லை என்பாள், கடைசிக் கட்டிலில் இருப்பவருக்குச் சர்க்கரை ஏறியிருக்கிறது என்பாள், போய்ப் பார்த்தால் அப்படியே இருக்கும். அதற்குப் பிறகு அறக்கட்டளை பெரிதானது. எல்லா இல்லத்துக்கும் அவள் மூக்கை அனுப்ப முடியாது என்பதால், அந்த மூக்கு என்னவெல்லாம் பார்க்கிறதோ அதை யார் வேண்டுமானாலும் கேட்கிற மாதிரி கேள்விகளாக எழுதிக் கொடுக்கச் சொன்னார்கள். எழுதிக் கொடுத்தாள். அத்தனை வருஷம் மூக்கு செய்த வேலை முழுவதும் கடைசியில் ஒரே வரியாகச் சுருங்கியது: துர்நாற்றம் உண்டா? உண்டு என்றால் மதிப்பெண் குறையும், இல்லை என்றால் கூடும். எழுதும்போது அது மிகவும் நியாயமான வரியாகத்தான் தெரிந்தது.

அன்றைக்கு இல்லத்துக்குள் போனவள் கூடத்தின் வாசலில் வழக்கம்போல் கண்ணை மூடி மூச்சை இழுத்தாள். ஒன்றுமே இல்லை. சுண்ணாம்பு அடித்த சுவர் வாசம்கூட இல்லை. கட்டில்களில் எல்லாரும் இருந்தார்கள், எல்லாரும் அவளைப் பார்த்தார்கள், ஆனால் மூக்குக்கு அந்தக் கூடம் காலியாக இருந்தது. வார்டன் முத்துரத்தினம், எதையும் மறைக்கத் தெரியாத மனிதர், சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டு பக்கத்தில் நின்றார்.

"வாடை எங்கீங்கண்ணா?" என்று கேட்டாள்.

"போன வருஷம் அது ஒண்ணுலதானுங்க மேடம் மார்க்குப் போச்சு," என்றார் அவர். "இன்னொருக்காப் போச்சுன்னா இல்லத்தை மூடிப்போடுவம்னு சென்னையிலிருந்து சொல்லிப்போட்டாங்க. இவங்களையெல்லாம் ஆளுக்கொரு ஊருக்குப் பிரிச்சுக் கொண்டுபோயிருவாங்க. நேத்துப் பொழுதோட நடுக்கூடத்துல நின்னு கும்பிட்டுக் கேட்டனுங்க, நாளைக்கு ஒரு நாளைக்கு மட்டும் வெளிய நில்லு சாமின்னு. அதுபாட்டுக்குப் போயிருச்சுங்க."

எப்படிப் போனது என்று தெய்வநாயகி கேட்கவில்லை. இப்படிப்பட்ட இல்லங்களில் நாள் கழித்தவர்களுக்குத் தெரியும், பேச முடியாதவர்கள் எல்லாவற்றையும் காதில் வாங்கிக்கொண்டுதான் கிடக்கிறார்கள். அவர்களுடைய வாடைக்கு மட்டும் காது இல்லாமலா போகும். அவள் ஜன்னல் வழியாக மரத்தைப் பார்த்தாள். அவளைப் பெண் பார்க்க வந்த அன்று அவள் அப்பாவின் கட்டிலை வீட்டுக்குள்ளிருந்து தூக்கிக்கொண்டு போய்க் கட்டுத்தரையில், மாடுகளுக்குப் பின்னால் போட்டார்கள். பக்கவாதத்தில் விழுந்து கிடந்த மனிதர். அறையில் சாம்பிராணி போட்டு, ஜமுக்காளம் விரித்து, வந்தவர்களுக்குக் கேசரி கொடுத்து அனுப்பும் வரைக்கும் அவர் ஒரு தடவைகூட இருமவில்லை. ராத்திரி பகலாக இருமுகிறவர் அந்த நேரம் பூராவும் எப்படி அடக்கிக்கொண்டு கிடந்தார் என்று அவள் அவரிடம் கேட்டதே இல்லை.

ஜன்னலோரக் கட்டிலில் காளியாத்தாள் இருந்தாள். காலமெல்லாம் கொப்பரைக் களத்தில் தேங்காய் உடைத்தவள், உடைத்த மூடிகளை வெயிலுக்குத் திருப்பிப் போட்டவள். ஒருநாள் களத்திலேயே விழுந்து, பேச்சும் வலப்பக்கமும் போய், பிள்ளை குட்டி இல்லாததால் இங்கே வந்து சேர்ந்தவள். ஜன்னலைத் திறந்தால் களம் தெரியும், காயும் கொப்பரையின் வாசம் நேராக அவள் கட்டிலுக்கு வரும், அது வருகிற நேரத்தில் அவள் முகம் தெளியும். தெய்வநாயகி வரும்போதெல்லாம் அவள் தன் இடது கையை நீட்டித் தெய்வநாயகியின் கட்டைவிரலைப் பிடித்துக்கொள்வாள், அவ்வளவுதான் அவர்களுக்குள் இருந்த பேச்சு. அந்த ஒரு கட்டைவிரலுக்காகவே தெய்வநாயகி இந்த ஊர்த் தணிக்கையை வேறு யாருக்கும் விட்டுக்கொடுத்ததில்லை. இந்த இல்லத்தை மூடினால் இவளை எங்கே கொண்டுபோவார்கள், கடலூருக்கா, காஞ்சிபுரத்துக்கா, அங்கே எந்த ஜன்னல் வழியாகக் கொப்பரை வாசம் வரும் என்று நினைத்தாள். பிறகு பேனாவை எடுத்து, அந்த வரிக்கு நேராக, இல்லை என்று எழுதினாள். அது பொய்யும் அல்ல.

அன்றிலிருந்து சென்னையிலிருந்து ஆள் வருகிற நாளெல்லாம் வாடை மரத்தடிக்கு வந்து நின்றது. ஊர் முதலில் கோபித்துக்கொண்டது. எதிரே டீக்கடை வைத்திருந்த ராக்கியண்ணன் ஒரு வாளித் தண்ணீரைக் கொண்டுவந்து மரத்தடியில் ஊற்றினார். வாடை கொஞ்சம் நகர்ந்து நின்று, ஈரம் காய்ந்ததும் பழைய இடத்துக்கு வந்தது. சாம்பிராணி போட்டுப் பார்த்தார். புகை கலையும் வரை பொறுத்திருந்துவிட்டுத் திரும்பவும் நின்றது. அவர் பேரூராட்சியில் போய்ச் சொல்ல, இரண்டு பேர் பிளீச்சிங் பவுடர் வாளியோடு வந்து மரத்தைச் சுற்றி வெள்ளையாக வட்டம் போட்டுவிட்டுப் போனார்கள். வாடை அந்த வட்டத்தைத் தாண்டாமல் உள்ளுக்குள்ளேயே அடங்கி நின்றது. அந்த அடக்கம்தான் ஊரின் மனசை மாற்றியது. ஏன் இது இங்கே வந்து நிற்கிறது என்று கேட்டவர்களிடம் முத்துரத்தினம், உள்ளே ஒறம்பரை வந்திருக்கிறது, அதனால் வெளியே நிற்கிறது என்று சொன்னார். ஒறம்பரை என்ற அந்தச் சொல்லுக்குப் பிறகு யாருக்கும் விளக்கம் தேவைப்படவில்லை. விருந்தாளி வரும்போது கொல்லைப்பக்கம் போய் நிற்கச் சொல்லப்பட்ட யாராவது ஒருவர் அந்த ஊரில் ஒவ்வொரு வீட்டிலும் இருந்தார், சித்தப்பாவோ, வாழாமல் வந்த அத்தையோ, புத்தி சரியில்லாத அண்ணனோ, அவர்களும் இப்படித்தான் சொன்ன இடத்தில் சொன்னபடி நின்றிருந்தார்கள்.

ஆகவே ஊர் அதற்கு இடம் கொடுத்தது. ராக்கியண்ணன் தன் பெஞ்சைக் கடைக்கு மறுபக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார். கண்டக்டர்கள் இல்லம் ஸ்டாப் என்று கூவுவதை விட்டு, வாடை ஸ்டாப்பெல்லாம் முன்னால வாங்க என்று கூவினார்கள். கல்யாணச் சீர்த்தட்டு எடுத்துப் போகிறவர்கள் எதிர்ப்பக்கமாகப் போனார்கள், திட்டாமல் போனார்கள். காலமெல்லாம் கொப்பரை வாசத்தில் ஊறிய ஊருக்கு இன்னொரு வாசம் பெரிய சுமையா என்று களத்து ஆட்கள் கேட்டது எல்லாருக்கும் சரியாகவே பட்டது. பார்க்க வந்தவர்கள் பஸ் ஏறிப் போன பிறகு, சாயங்கால வெயிலில் வாடை மரத்தடியை விட்டுக் கிளம்பி ரோட்டைக் கடக்கும். கொப்பரை லாரிக்காரர் தூரத்திலேயே பிரேக் போட்டு, கண்ணாடியை ஏற்றிக்கொண்டு, அது கேட்டுக்குள் நுழைகிற வரைக்கும் காத்திருந்துவிட்டு வண்டியை எடுப்பார்.

அந்த வருஷம் இல்லம் முதல் தரம் வாங்கியது. சென்னைச் செயலாளருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. மற்ற இல்லங்களின் வார்டன்கள் வந்து பார்த்துவிட்டுப் போய், தங்கள் கூடத்தின் நடுவில் நின்று தங்கள் வாடையைக் கும்பிட்டுக் கேட்க, அந்த வாடைகளும் அங்கங்கே வேலியோரத்திலும் ஊர்ப்பொதுக் கிணற்றடியிலும் போய் நின்றன. தணிக்கையை இன்னும் எப்படிச் செம்மைப்படுத்தலாம் என்று செயலாளர் கேட்டபோது தெய்வநாயகிதான் யோசனை சொன்னாள்: தேதி சொல்லிவிட்டுப் போகக்கூடாது, எந்த மாதமும் எந்த நாளும் எந்த வேளையும் போய் நிற்க வேண்டும், அப்போதுதான் இல்லங்கள் எப்போதும் ஒழுங்காக இருக்கும். நல்ல யோசனை என்று கூட்டத்தில் எல்லாரும் கைதட்டினார்கள். அவளும் மனசுக்குள், இதனால் நல்லது நடக்கும் என்றுதான் உண்மையாகவே நம்பினாள்.

எந்த வேளையும் ஆள் வரலாம் என்றால் வாடை எந்த வேளையும் தயாராக இருக்க வேண்டும் அல்லவா. முதலில் அது கடைசி பஸ் போன பிறகு உள்ளே போய், விடியும் முன் வெளியே வந்தது. பிறகு போவதும் வருவதும் அலுப்பாக இருந்ததோ, உள்ளே இருக்கும்போது ஆள் வந்துவிடுமோ என்ற பயமோ, மெல்ல மெல்லப் போவதை நிறுத்தி, மழையிலும் வெயிலிலும் பூவரச மரத்தடியிலேயே குடியிருந்துவிட்டது.

இல்லத்தில் அதனால் சந்தோஷம்தான் வந்தது, அதை மறைக்க வேண்டியதில்லை. பிள்ளைகளின் பிறந்தநாளுக்கு இல்லத்தில் சாப்பாடு போடுகிற வழக்கம் அந்தப் பக்கத்தில் உண்டு. அதுவரை அப்படி வந்தவர்கள் குண்டாவைக் கேட்டிலேயே இறக்கி வைத்துவிட்டு, ஒரு போட்டோ எடுத்துக்கொண்டு ஓடிவிடுவார்கள். இப்போது உள்ளே வந்து, கட்டிலோரத்தில் உட்கார்ந்து, பிசைந்து ஊட்டிவிட்டார்கள்; தாங்களும் அங்கேயே இலை போட்டுச் சாப்பிட்டார்கள். யாரும் தொடாத கைகளைக் குழந்தைகள் தொட்டன. ஆயா மாராத்தாள் வேலை முடித்து வீட்டுக்குப் போனால் அவள் மருமகள் இப்போதெல்லாம் முகம் சுளிப்பதில்லை. வாடை இல்லாத கூடத்தில் வாழ்க்கை கொஞ்சம் மேலே ஏறிவந்தது போலத்தான் எல்லாருக்கும் இருந்தது.

ஆனால் வாடை வெளியே நின்றாலும் அது உள்ளே இருந்தவர்களுடையதுதானே. உள்ளே யாருக்காவது காய்ச்சல் கண்டால் மரத்தடியில் புளித்த வாசம் எழும்பும். யாருக்காவது வயிறு கெட்டால் பஸ்ஸுக்கு நிற்கிற பெண்களுக்கு முதலில் தெரியும். உள்ளே ஆருக்கோ ஒடம்பு செரியில்லையாட்ட இருக்குதுக்கா என்று ஒருத்தி சொல்வாள், ஆமா, பாவம், என்று இன்னொருத்தி சொல்வாள், பஸ் வரும், இரண்டு பேரும் ஏறிப் போய்விடுவார்கள். இப்படி இல்லத்தின் சேதியெல்லாம் இல்லத்துக்குப் போகாமல் பஸ் ஸ்டாப்பில் இறங்கி, அங்கிருந்து காங்கேயத்துக்கும் தாராபுரத்துக்கும் பயணம் போயிற்று. யாரும் அதை உள்ளே கொண்டுபோய்ச் சொல்லவில்லை. உள்ளே இருப்பவர்களுக்குத் தெரியாமலா இருக்கும் என்று எல்லாரும் நினைத்தார்கள்.

ஆடி மாதத்தில் ஒருநாள் தெய்வநாயகி சொல்லாமல் கொள்ளாமல் வந்தாள். கூடம் துடைத்துவிட்ட மாதிரி இருந்தது. திருப்பிப் படுக்க வைக்கிறீர்களா, வைக்கிறோம். குளிப்பாட்டுகிறீர்களா, குளிப்பாட்டுகிறோம். விரிப்பு மாற்றுகிறீர்களா, மாற்றுகிறோம், பாருங்கள். எல்லாம் உண்மை. விரிப்புகள் வெள்ளையாகவும் உலர்ந்தும் இருந்தன, மாராத்தாள் கை ஓயாத பொம்பளை. கேள்விகள் முடிந்ததும் தெய்வநாயகி காளியாத்தாளின் கட்டிலில் போய் உட்கார்ந்தாள். காளியாத்தாள் வழக்கம்போல் கட்டைவிரலைப் பிடித்தாள், ஆனால் வழக்கம்போல் வெறுமனே பிடித்துக்கொண்டிருக்கவில்லை. இழுத்தாள். தன் இடுப்புப் பக்கமாக, முதுகுக்கு அடியில், விரிப்புக்குள் கையைக் கொண்டுபோகிற மாதிரி இழுத்தாள். விடாமல் இழுத்தாள், கண்ணில் தண்ணீர் நின்றது. தெய்வநாயகிக்கு மனசு இளகிவிட்டது. இத்தனை பாசமா நம்மேல் என்று நினைத்தாள். இன்னொரு கையால் அவள் தலையைத் தடவிக்கொடுத்து, "அடுத்த வாட்டி வந்தா நெறைய நேரம் இருக்கறனுங்காத்தா, பஸ்ஸுக்கு நேரமாச்சு," என்று சொல்லி, விரல் விரலாகப் பிரித்துத் தன் கட்டைவிரலை எடுத்துக்கொண்டாள்.

பஸ் ஸ்டாப்பில் வாடை மாறியிருந்தது. வரும்போது கவனிக்கவில்லை, காற்று எதிர்ப்பக்கம் அடித்திருக்கும். இப்போது காற்றே இல்லை. பழைய வாசங்களுக்கெல்லாம் அடியில், இனிப்பாக, கெட்டுப்போன இளநீரைப் போல, புதிதாக ஒன்று ஓடியது. நர்ஸாக இருந்த காலத்தில் அவள் எத்தனையோ வார்டுகளில் சந்தித்த வாசம் அது. படுக்கைப் புண். மேலோடு இருப்பதல்ல, உள்ளே எலும்பைத் தேடிப் போகிறது. மூக்குக்குத் தெரிந்துவிட்டது, ஒரே மூச்சில் தெரிந்துவிட்டது. ராக்கியண்ணன் கண்ணாடித் தம்ளரைக் கழுவிக்கொண்டே, அவள் நிற்பதைப் பார்த்துச் சொன்னார்.

"கொஞ்ச நாளா இப்படித்தானுங்க அம்மிணி அடிக்குது. உள்ள ஆருக்கோ என்னமோ. உங்களுக்குத் தெரியாததுங்களா."

அவள் இல்லத்தின் பக்கம் பார்த்தாள். திரும்பிப் போகலாம், ரோட்டைத் தாண்டினால் கேட்டு. ஆனால் திரும்பிப் போனால் ஒவ்வொருவரையும் புரட்டிப் பார்க்க வேண்டும், பார்த்தால் புண் இருக்கும், இருந்தால் எழுத வேண்டும், எழுதினால் முதல் தரம் போய்விடும், தரம் போனால் பழைய பேச்சு திரும்பவும் எழும்பும், இல்லத்தை மூடுவார்கள், காளியாத்தாளைத் தூக்கிக்கொண்டு போய்க் கொப்பரை வாசம் வராத ஏதோ ஒரு ஊரில் போடுவார்கள். வீட்டுக்குப் போய் முத்துரத்தினத்துக்குப் போன் பண்ணிக் காதும் காதும் வைத்த மாதிரிச் சொல்லிக்கொள்ளலாம் என்று தீர்மானித்தாள். தவிர, வாடை உள்ளே இல்லை. வெளியே இருக்கிற வாடைக்குக் கேள்வித்தாளில் வரி இல்லை. இப்படியெல்லாம் அவள் நினைத்துக்கொண்டிருக்கும்போதே பஸ் வந்துவிட்டது.

அவள் படியில் கால் வைத்தபோது வாடை வெள்ளை வட்டத்தைத் தாண்டி வந்து அவள் முந்தானையைப் பிடித்தது. அத்தனை காலத்தில் அது யாரையும் தொட்டதில்லை. விடாமல் அதுவும் பஸ்ஸில் ஏறியது. பக்கத்தில் உட்கார்ந்தவர்கள் எழுந்து வேறு சீட்டுக்குப் போனார்கள். காங்கேயத்தில் இறங்கி அவள் முந்தானையை எடுத்து உதறினாள். அது கீழே விழுந்து, கொஞ்ச நேரம் அப்படியே கிடந்துவிட்டு, வந்த வழியே திரும்பிப் போயிற்று.

அன்று சாயங்காலம் அவள் போன் செய்யவில்லை. நாளைக்கு என்று நினைத்தாள், நாளைக்கு வேறு ஊர்த் தணிக்கை வந்தது, அதற்கு மறுநாள் கூட்டம் வந்தது. கடைசியில் போன் வந்தது முத்துரத்தினத்திடமிருந்துதான். காளியாத்தாளுக்குக் குளிர்காய்ச்சல் என்று ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். முதுகின் அடியில் மிளகு அளவுக்கு ஒரு கறுப்புப் பொட்டு இருந்திருக்கிறது. மாராத்தாள் அதைப் பார்த்து, கொசுக்கடி என்று பவுடர் போட்டிருக்கிறாள், விரிப்பு உலர்ந்திருக்கிறது, வாடை எதுவும் இல்லை, வேறு என்ன நினைப்பாள். டாக்டர் அந்தப் பொட்டைத் திறந்தபோது உள்ளே ஒரு கைப்பிடி போகிற அளவுக்குப் பள்ளம் இருந்தது. முத்துரத்தினம் போனில் அழுதார். "ஒரு வாசம் வந்திருந்தா கண்டுபிடிச்சிருப்பமுங்க மேடம்," என்றார். "ஒரு வாசம் வந்திருந்தாப் போதுமுங்க."

தெய்வநாயகி வந்து சேர்ந்தபோது காளியாத்தாளைப் பாடையில் வைத்திருந்தார்கள். அவள் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்து தன் கட்டைவிரலை அந்த இடது கைக்குள் வைத்துப் பார்த்தாள். அந்தக் கை எதையும் பிடிக்கவில்லை. அன்றைக்கு எந்தப் பக்கம் இழுத்தாள், எங்கே கொண்டுபோகப் பார்த்தாள் என்பது அப்போதுதான் அவளுக்கு விளங்கியது, இவ்வளவு தெளிவாகச் சொன்னதை இவ்வளவு கிட்டே உட்கார்ந்து கேட்காமல் போனோமே என்று வாய்விட்டு அழுதாள். மாராத்தாள் அவள் தோளைப் பிடித்துக்கொண்டாள். தன்னால்தான் என்று மாராத்தாளும் நினைத்துக்கொண்டிருந்தாள், அவளிடம் உண்மையைச் சொல்லத் தெய்வநாயகிக்குத் தைரியம் வரவில்லை.

கொட்டுக்காரர்கள் முன்னால் போக, பாடை கேட்டைத் தாண்டியதும், பூவரச மரத்தடியிலிருந்து வாடை கிளம்பி வந்து பாடைக்குப் பின்னால் சேர்ந்துகொண்டது. ராக்கியண்ணன் கடையை மூடினார். கண்டக்டர் பஸ்ஸை நிறுத்தினார். களத்து ஆட்கள் கொப்பரையைத் திருப்புவதை விட்டுவிட்டு வரிசையாக வந்து நின்றார்கள், யாரும் முந்தானையையோ துண்டையோ மூக்குக்குக் கொடுக்கவில்லை. காளியாத்தாளுக்குச் சொந்தம் என்று பின்னால் நடந்தது அது ஒன்றுதான். பெண்கள் போகக்கூடிய எல்லையான முச்சந்தியில் தெய்வநாயகி மற்றவர்களோடு நின்றுகொண்டாள். வாடை அவளைக் கடந்து போனது. இந்தத் தடவை முந்தானையைத் தொடவில்லை.

சுடுகாட்டில் அது சிதைக்குப் பக்கத்திலேயே நின்றதென்று போன ஆண்கள் சொன்னார்கள். அதற்குப் பிறகு என்ன ஆனது என்று ஒருவரும் சொல்லவில்லை, ஏனென்றால் கொள்ளி வைத்த பிறகு திரும்பிப் பார்க்காமல் வர வேண்டும், எல்லாரும் முறைப்படி திரும்பிப் பார்க்காமல் வந்தார்கள். மறுநாள் பூவரச மரத்தடி காலியாக இருந்தது. பிளீச்சிங் பவுடர் வட்டம் மட்டும் மங்கலாகத் தெரிந்தது.

காரியம் முடிந்த பிறகு முத்துரத்தினமும் மாராத்தாளும் தெய்வநாயகியும் கோபித்துக்கொண்டு போன சம்பந்தியை அழைக்கப் போகிற மாதிரி, தாம்பூலத்தட்டில் வெற்றிலை பாக்கு வைத்துக்கொண்டு மரத்தடிக்குப் போனார்கள். ஊரும் கூட வந்தது. வந்துரு சாமி, இனி யாரு வந்தாலும் நீ உள்ளயே இரு என்று முத்துரத்தினம் கும்பிட்டார். தெய்வநாயகி வெள்ளை வட்டத்துக்குள் தட்டை வைத்துவிட்டு, முந்தானையை இரண்டு கையாலும் விரித்துப் பிடித்துக்கொண்டு நின்றாள். ராக்கியண்ணன் இரண்டு தடவை செருமினார். ஒரு பூவரசம்பூ தட்டில் விழுந்தது. பொழுது சாயும் வரை நின்றுவிட்டு, வெற்றிலை வாடிப்போனதும் எடுத்துக்கொண்டு வந்துவிட்டார்கள்.

அவள் சென்னைக்குப் போய்த் தான் செய்ததைச் சொன்னாள், மரத்தடியில் தெரிந்ததும் பஸ் ஏறியதும் உட்பட. செயலாளர் வருத்தப்பட்டார், ஆனால் நாற்றம் வெளியே இருந்தது, கேள்விக்குச் சரியாகத்தான் பதில் எழுதியிருக்கிறீர்கள் என்று ஆறுதல் சொன்னார். அந்த ஆறுதல்தான் அவளால் தாங்க முடியாததாக இருந்தது. அந்த வரியைக் கேள்வித்தாளிலிருந்து அடித்துவிட்டு, அந்த இடத்தில் வேறு ஒரு வரி எழுதிக் கொடுத்தாள்: அவர் உங்கள் கையைப் பிடித்தால் எந்தப் பக்கம் இழுக்கிறார்? உண்டு, இல்லை என்று இதற்கு எப்படிப் பதில் எழுதுவது, எத்தனை மதிப்பெண் போடுவது என்று செயலாளர் கேட்டார். தெரியாது என்றாள் அவள். பல கூட்டங்களில் அதைப் பற்றிப் பேசினார்கள். கடைசியில் மதிப்பெண் இல்லாத கேள்வியாக அதைக் கடைசியில் வைத்துக்கொண்டார்கள், பெரும்பாலான தணிக்கையாளர்கள் அங்கே ஒரு கோடு போட்டுவிட்டுப் போகிறார்கள்.

கைத்தாங்கல் இல்லத்தில் இன்றைக்கும் வாடை இல்லை. மாராத்தாள் தினம் காலையில் ஒவ்வொருவரையும் புரட்டி, வெளிச்சத்தில் பார்த்து, கிட்டே குனிந்து மூக்கை வைத்துப் பார்க்கிறாள், ஒன்றும் வருவதில்லை. வருஷா வருஷம் முதல் தரம் வருகிறது, சாகிறவர்கள் ஒரு சேதியும் சொல்லாமல் சாகிறார்கள். தெய்வநாயகி வந்தால் இப்போது கேள்விகளைச் சீக்கிரம் முடித்துவிட்டு, கட்டில் கட்டிலாக உட்கார்ந்து கட்டைவிரலைக் கொடுக்கிறாள். சிலர் பிடிக்கிறார்கள், சிலர் பிடிப்பதில்லை.

முடிந்ததும் ரோட்டைத் தாண்டிப் பூவரச மரத்தடிக்கு வருவாள். மழையில் வட்டம் அழிந்துவிட்டாலும் அது எங்கே இருந்தது என்று அவளுக்குத் தெரியும். அதற்குள் போய் நின்று, கண்ணை மூடி, மூச்சை இழுப்பாள். கொப்பரை வாசம் வரும், ராக்கியண்ணன் கடை டிகாக்ஷன் வாசம் வரும். பஸ் வந்து நிற்கும். கண்டக்டர் கொஞ்ச நேரம் பார்ப்பார், அவள் ஏறமாட்டாள் என்று தெரிந்ததும் விசில் ஊதாமல் மெதுவாகத் தட்டி வண்டியை அனுப்புவார். அடுத்த பஸ்ஸில் போய்க்கொள்ளலாம் என்று அவள் இன்னும் கொஞ்சம் நின்றுகொண்டிருப்பாள்.